ஏழடிக் கம்பு எடுத்த இல்லத்தரசிகள்!

ஜப்பான் என்றதும் உங்கள் மனசில் என்ன வரும்? செர்ரிப் பூ, கிமோனோ, புல்லட் ரயில்... சண்டைக் கலை என்றால் கராத்தே, ஜூடோ. நம் வீட்டுப் பிள்ளைகளை மாலை வகுப்பில் சேர்த்துவிடுகிறோமே, அவைதான். ஆனால் அந்த நாட்டில் பெண்களுடைய கலை என்றே பெயர் வாங்கிவிட்ட ஒரு போர்க்கலை உண்டு. அதன் பெயர் 'நகினத்தா'. கோபே நகரத்துக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகும்வரை நானும் அதைக் கேள்விப்பட்டதில்லை.

நீண்ட மரப்பிடி. அதன் முனையில் வளைந்த கத்தி. நம் ஊர் அரிவாளை ஏழடிக் கம்பின் நுனியில் இறுக்கிக் கட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பயப்படாதீர்கள், இன்று பயிற்சிக்கு எடுப்பதில் இரும்பே கிடையாது. பிடி ஓக் மரம். கத்திக்குப் பதில் இரண்டு மூங்கில் பட்டைகள், நுனியில் ஒரு தோல் குல்லாய். நீளம் 210 முதல் 225 சென்டிமீட்டர் வரை. எடை 650 கிராமுக்குக் குறையக் கூடாது. 'பூ, இவ்வளவுதானா! ஒரு கிலோ கத்திரிக்காய் கனம்கூட இல்லையே' என்றுதான் எனக்கும் தோன்றியது. கனமெல்லாம் ஏழடி தள்ளி முனையில் உட்கார்ந்திருக்கும்போது பத்தே நிமிஷத்தில் அது தோளை என்ன பாடு படுத்தும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சனி ஞாயிறு இரண்டு நாட்கள், புதிதாகக் கற்க வரும் பெண்களுக்காக ஒரு பயிற்சி முகாம் நடத்தினார்கள். இடம், இடாமி. கோபேயிலிருந்து ரயிலில் வழியில் ஒரு வண்டி மாறினால் முக்கால் மணிக்குள் போய்விடலாம். எங்கள் மேல்வீட்டு அம்மாள்தான் அந்த அறிவிப்புத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். 'இல்லத்தரசிகள், குழந்தை பெற்ற தாய்மார்கள் வரலாம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. கட்டணம் 3,000 யென்' என்று இருந்தது. எனக்குப் பிடித்தது அந்த நடு வரிதான். 'தாய்மார்கள் வரலாம்' என்று எழுதிவிட்டுக் குழந்தையை எங்கே விடுவது என்று சொல்லாமல் விடுகிற அறிவிப்புகளைத்தானே நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்!

"அப்ப எதுக்குப் போகணும்?"

எனக்கு ஒன்பது வயதில் ஒரு பெண், ஐந்து வயதில் ஒரு பையன். அப்போது கும்பகோணத்திலிருந்து என் மாமியார் வந்திருந்தார். அவரிடம் சொன்னேன்.

"ஏம்மா, கம்பு சுத்தப் போறியா? அதுவும் ரெண்டு நாளா?"

"சனி, ஞாயிறு மட்டும்தான் அத்தை. சாயங்காலம் வந்துடுவேன்."

"மேல அடி பட்டுதுன்னா?"

"நிஜமா அடிக்க மாட்டாங்களாம். பக்கத்துல வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திடுவாங்களாம்."

"அடிக்கவே மாட்டாங்கன்னா அப்ப எதுக்குப் போகணும்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இவர்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "போயிட்டு வா. சாதமும் ரசமும் நான் பார்த்துக்கறேன்" என்றார். (அந்த ரசத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.)

எதற்காகப் போக நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். இங்கே நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. சத்தம் என்பது இங்கே பெரிய விஷயம். பிள்ளைகள் தடதடவென்று ஓடினால் கீழ் வீட்டுக்கு ஒரு பெட்டி இனிப்பை எடுத்துக்கொண்டு போய்த் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வர வேண்டும். மிக்ஸியை இரவில் போட முடியாது. ஊருக்குப் பேசும்போது அம்மா, "ஏன்டி, தொண்டை சரியில்லையா?" என்று கேட்கிற அளவுக்கு என் குரல் இறங்கிப் போயிருந்தது. மூன்று வருஷமாகக் குழந்தைகளை அதட்டுவதுகூடக் கிசுகிசுப்பில்தான். 'பொம்பளை சிரிச்சாப் போச்சு' என்று சொல்லி வளர்க்கப்பட்டவள்தான் நான். ஆனால் அந்த ஊரில்கூட வாசலில் நின்று கீரைக்காரியைக் கூப்பிடுகிற உரிமை எனக்கு இருந்தது!

அறிவிப்புத் தாளில் கடைசி வரி: 'குரல் எழுப்பும் பயிற்சியும் உண்டு.'

தரை துடைப்பதே முதல் பாடம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. பளபளவென்று மரப்பலகை போட்ட பெரிய கூடம். 'தோஜோ' என்பார்கள். செருப்பை வெளியே விட்டு, வாசலில் நின்று கூடத்துக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். நாம் கோயில் படியைத் தொட்டுக் கும்பிடுகிறோமே, அது போல.

முப்பது பேருக்கு மேல் இருந்தோம். இருபதுகளில் இருக்கும் பெண்கள், என்னைப் போல நாற்பதை நெருங்குகிறவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். ஆசிரியையை 'சென்செய்' என்று கூப்பிட வேண்டும். எங்கள் சென்செய்க்கு வயது 74. ஐந்தடிகூட இருக்க மாட்டார். வெள்ளை மேல்சட்டை, கறுப்பில் மடிப்பு வைத்த 'ஹகமா', வெறும் கால். நடந்து வந்தால் பலகையில் சத்தமே இல்லை.

"முதலில் தரையைத் துடைப்போம்" என்றார்.

இதுக்கா மூவாயிரம் யென் கட்டினோம் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. வீட்டில் செய்வதையே இங்கேயுமா! ஆனால் அவர்கள் துடைக்கிற விதம் வேறு. ஈரத்துணியை நான்காக மடித்துத் தரையில் வைத்து, இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் ஊன்றி, முட்டி தரையில் படாமல் இடுப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட வேண்டும். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளும் இப்படித்தான் துடைக்கிறார்கள். மூன்று தடவை போய்வந்ததும் எனக்குத் தொடையெல்லாம் நடுங்கியது. அறுபது தாண்டிய ஒரு பாட்டி என்னைக் கடந்து சர்ரென்று போனார், பாருங்கள்!

பிறகு வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்தோம். 'சேய்ஸா' என்ற இந்த உட்காருதலில் முட்டியை மடக்கிக் குதிகாலின் மேல் உட்கார வேண்டும். சம்மணம் போட்டே பழகிய நமக்கு ஐந்து நிமிஷத்தில் கால் மரத்துவிடும். எழுந்திருப்பதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். மரத்துப் போன காலோடு சட்டென்று எழுந்தால் கணுக்கால் புரண்டுவிடும். உட்கார்ந்தபடியே கால் விரல்களை உள்பக்கம் மடக்கித் தரையில் ஊன்றி, அதன் மேல் சற்று நேரம் இருந்து, ரத்தம் ஓடின பிறகு ஒவ்வொரு காலாக எழ வேண்டும். பூஜை அறையிலும் கல்யாண வீட்டிலும் ரொம்ப நேரம் தரையில் உட்கார்ந்து எழுகிற பெரியவர்களுக்கு இது நல்ல பாடம். முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். யாரும் அவர்களை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

ஈரத்துணி பிழிகிற பிடி

கம்பைக் கையில் கொடுத்ததும் எல்லோரும் செய்கிற காரியம் இறுக்கிப் பிடிப்பதுதான். சென்செய் ஒவ்வொருவராகப் பார்த்து விரலைத் தளர்த்திவிட்டார். "துணி பிழியத் தெரியுமா?" என்றார். முப்பது இல்லத்தரசிகளிடம் கேட்கிற கேள்வியா! ஈரத்துணியைப் பிழியும்போது இரண்டு கையும் உள்பக்கமாகத் திரும்பும். சுண்டுவிரலும் மோதிர விரலும் இறுகும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா துணைக்கு இருக்கும். அதுதான் பிடி. இறக்குகிற அந்த ஒரு கணத்தில் மட்டும் பிழிய வேண்டும், மற்ற நேரம் தளர்வு. இதைப் புரிந்துகொண்ட பிறகு தோள் வலி பாதி குறைந்தது.

நிற்கும் விதமும் புதிது. நேருக்கு நேர் நிற்பதில்லை. பக்கவாட்டில் திரும்பி, எதிராளிக்கு உடம்பின் ஒரு ஓரம் மட்டும் தெரியும்படி நிற்க வேண்டும். வாளைப் போல் ஒரே பக்கப் பிடி இதில் இல்லை. இடது பக்கம் எத்தனை வீச்சோ வலது பக்கமும் அத்தனை. வலது இடுப்பில் குழந்தை, வலது கையில் குடம், வலது தோளில் பை என்று ஒரு பக்கமாகவே சாய்ந்து போன உடம்பு நமக்கு. அன்று மதியத்துக்குள் என் இடது பக்கம் எவ்வளவு தூங்கிக் கிடந்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

வீச்சுகளில் எனக்குப் பிடித்தது 'எட்டுத் திசை வீச்சு'. மேலிருந்து நேராக, சரிவாக, குறுக்காக, கீழிருந்து மேலாக என்று கம்பு உடம்பைச் சுற்றிச் சுற்றி வரும். நடுநடுவே கை மாற்ற வேண்டும். முன்கை பின்கையாகிவிடும், கால்களும் இடம் மாறும். தோளால் தூக்கினால் பத்து வீச்சுக்கு மேல் தாங்காது. இடுப்பு திரும்பினால் கம்பு தானாக வரும். 'இடுப்பு' என்று எத்தனை தடவை அந்த இரண்டு நாளில் கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

அடிக்க வேண்டிய இடங்கள்: தலை, மணிக்கட்டு, விலா, கீழ்க்கால். 'மென்', 'கோத்தே', 'தோ', 'சுனே' என்று அந்தந்த இடத்தின் பெயரைக் கூவிக்கொண்டேதான் வீச வேண்டும். மூங்கில் வாளை வைத்து விளையாடும் கெண்டோவில் கீழ்க்கால் கிடையாது, நகினத்தாவில் உண்டு. அதனால் போட்டிக்குப் போகும்போது தலைக்கவசம், மார்க்கவசத்தோடு கீழ்க்காலுக்கும் காப்புக் கட்டிக்கொள்கிறார்கள். எங்களைப் போன்ற புதியவர்களுக்குக் கவசம் தரவில்லை. எதிராளியின் உடம்பில் படாமல் அருகே நிறுத்தும் ஜோடிப் பயிற்சிதான்.

அந்தக் கூவல்தான் எனக்கு வரவில்லை. வாய் திறக்கிறது, காற்று வருகிறது, 'மென்' என்று ஏதோ முணுமுணுப்பு! சென்செய் அருகில் வந்து நின்று, "இங்கே கீழ் வீடு கிடையாது" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர்களும் அடுக்குமாடிவாசிகள்தானே!

சீதனமாகப் போன ஆயுதம்

மதியச் சாப்பாட்டுக்கு அவரவர் டப்பா. நான் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் கொண்டுபோயிருந்தேன். ஜப்பானில் வெளிச் சாப்பாட்டில் காய் சூப் என்றாலும் மீன் கொதிக்கவைத்த நீர் கலந்திருக்கும். சைவக்காரர்கள் டப்பா கட்டுவதே மேல். உப்பில் ஊறிய பிளம் பழத்தை உள்ளே வைத்த சோற்று உருண்டை ஒன்றை ஒருத்தி எனக்குத் தந்தாள். நம் உப்பு நாரத்தங்காய் போலவே புளிப்பும் உப்பும்! பதிலுக்கு என் சாதத்தை ருசி பார்த்து, "காரமில்லையே!" என்று ஆச்சரியப்பட்டார்கள். இந்தியா என்றால் காரம் மட்டும்தான் என்று யார் சொல்லிவைத்தார்களோ.

சாப்பிடும்போது பேச்சு சரித்திரத்துக்குப் போயிற்று. நகினத்தா முதலில் பெண்களுடையதல்ல. 12-ஆம் நூற்றாண்டு யுத்தங்களில் காலாட்படை வீரர்களும் போர்த் துறவிகளும் எடுத்த ஆயுதம் அது. பிறகு ஈட்டியும் துப்பாக்கியும் வந்து போர்க்களத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டன. 1603-இல் தொடங்கிய தொகுகவா ஆட்சிக் காலத்தில் நாட்டில் பெரிய சண்டைகள் ஓய்ந்தபோது, வீட்டைக் காக்கும் பொறுப்பு சாமுராய் குடும்பத்துப் பெண்களிடம் வந்தது, ஆயுதமும் கூடவே வந்தது. நீளமான கம்பு ஆதலால் பலசாலியையும் எட்ட நிறுத்திவைக்கலாம் அல்லவா? சாமுராய் வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போகும்போது சீதனத்தில் நகினத்தாவும் போகும். நம் சீர்வரிசையில் குத்துவிளக்குப் போகிற மாதிரி!

அலங்காரத்துக்கு மட்டும் அது போகவில்லை. 1868-இல் உள்நாட்டுப் போர் அய்ஸு நகரத்துக்கு வந்தபோது நகானோ தகேக்கோ என்ற 21 வயதுப் பெண், தன் தாயும் தங்கையும் சேர, சுமார் இருபது பெண்களோடு நகினத்தாவை எடுத்துக்கொண்டு துப்பாக்கிப் படையை எதிர்த்துப் போனாள். குண்டு பட்டு விழுந்தாள். தலை எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தங்கை அதை வெட்டி எடுத்துவந்து கோயிலில் புதைத்ததாகச் சொல்கிறார்கள். இதை என் பக்கத்தில் இருந்த பெண் சோற்று உருண்டையைக் கடித்தபடி சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

சாமுராய் காலம் முடிந்த பிறகு இந்தக் கலையைத் தூக்கி நிறுத்தியவர்களிலும் ஒரு பெண் உண்டு: சோனோபே ஹிதேயோ. 1870-இல் பிறந்தவர். ஊருக்கு வந்த ஒரு வாள் வித்தைக் குழுவைச் சிறுவயதில் பார்த்து, அதிலேயே சேர்ந்து, ஆண் வாள் வீரர்களை மேடையில் தோற்கடித்துப் புகழ் பெற்றவர். பின்னால் ஆசிரியையாகி ஏராளமான பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து, 1963-இல் தொண்ணூறு தாண்டிய வயதில் மறைந்தார்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் பெண்கள் பள்ளிகளில் நகினத்தா பாடமாக இருந்தது. போரில் ஜப்பான் தோற்ற பின் அமெரிக்க ஆட்சியாளர்கள் போர்க்கலைகளைத் தடுத்துவிட்டார்கள். மறுபடி 1955-இல் அகில ஜப்பான் நகினத்தா சம்மேளனம் பிறந்தது. பழைய குருகுலங்களின் முறைகளிலிருந்து எடுத்துப் பள்ளிப் பிள்ளைகளும் கற்கும்படி எளிதாக்கிய புதிய முறைதான் நாங்கள் கற்றது. அந்தச் சம்மேளனத்தின் தலைமையகம் இருப்பது இடாமியில்! சாக்கே என்கிற அரிசி மதுவுக்குப் பேர்போன இந்த ஊரில், மது வடிக்கும் கொனிஷி குடும்பம் 1786-இல் தொடங்கிய 'ஷூபுகான்' என்ற பயிற்சிக் கூடம் இன்றும் நடக்கிறது. 1990-இல் சர்வதேச சம்மேளனமும் ஏற்பட்டுவிட்டது.

"இன்னொரு தடவை"

ஞாயிறு காலை ஜோடி பிரித்தார்கள். எனக்கு வாய்த்தவள் இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். எட்டு மாதக் குழந்தையைப் பக்கத்து அறையில் விட்டிருந்தாள். முதல் நாள் முழுவதும் அவள் யாரோடும் பேசியதாக எனக்கு நினைவில்லை. கண்ணைச் சுற்றிக் கருவளையம். கணவர் வேலை முடிந்து வீடு வரும்போது இரவு பதினொன்று என்பதும், இரண்டு பக்கத்துத் தாய் வீடும் தூரம் என்பதும் பின்னால் தெரிந்தது.

ஜோடிப் பயிற்சியில் ஒருவர் தாக்க வேண்டும், மற்றவர் வாங்கித் திருப்பித் தர வேண்டும். அவள் முதலில் தாக்கினாள். கம்பை உயர்த்தினாள். "மெ..." என்று தொடங்கிய குரல் நடுவிலேயே உடைந்தது. நின்றுவிட்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர்.

நான் கம்பைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு அடி எடுத்தேன். நம் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் சூழ்ந்து, தண்ணீர் கொடுத்து, "என்னம்மா ஆச்சு" என்று கேட்டிருப்போம். சென்செய் என்னைக் கையால் நிறுத்தினார். அவள் எதிரே வந்து நின்றார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. தலை குனிந்து வணங்கினார். "இன்னொரு தடவை" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீசினாள். சத்தம் சரியாக வரவில்லை.

"இன்னொரு தடவை."

ஐந்தாவதோ ஆறாவதோ தடவையில் அந்தக் குரல் வந்தது. அம்மாடி! கூடத்தின் மூலைவரை போய்த் திரும்பியது. பக்கத்து அறையில் ஒரு குழந்தை திடுக்கிட்டு அழ ஆரம்பித்தது. அவளுடையது இல்லை, அவள் குழந்தை தூங்கிக்கொண்டே இருந்ததாம்!

அடுத்து என் முறை. "சுனே!" என்று நான் கூவினேன். யாரோ வேற்று மனுஷி கூவியது போல என் காதில் விழுந்தது. இத்தனை வருஷமாக இது எங்கே இருந்தது என்று யோசிப்பதற்குள் அடுத்த வீச்சு வந்துவிட்டது. அதன் பிறகு யோசிக்கவில்லை.

பதினொரு மணிக்கு அவள் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போனாள். வந்து பார்லி டீயைக் குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "குழந்தை எழுந்துவிடும் என்று எட்டு மாதமாக வீட்டில் மெதுவாகத்தான் பேசுகிறேன். பேசுவதற்கும் ஆள் இல்லை." அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டேன். இப்போது வாரம் ஒரு நாள் பேசுகிறோம். அவள் அழுதது இரண்டு நாள் முகாமில் தீர்ந்துபோகிற துக்கமா என்று எனக்குத் தெரியாது. பேறுகாலம் முடிந்து மாதங்கள் ஆகியும் அழுகை நிற்காமல், தூக்கம் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். கம்பு சுற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளிடமும் அதைச் சொன்னேன். கிட்டத்தில் உள்ள தாய்சேய் நல நிலையத்துக்கு அவள் போய்வந்தாள்.

உலக்கைக் கை

மதியம் இரண்டு மணிக்கு வீட்டார் வந்து பார்க்கலாம் என்றிருந்தார்கள். இவர் பிள்ளைகளையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்போது சென்செய், தம் வயதுத் தோழி ஒருவரோடு ஜோடிப் பயிற்சி செய்து காட்டினார். எட்டு வரிசைகள். இரண்டு கம்பும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு வருவது போல வந்து, தொட்டு, விலகி, மயிரிழையில் நின்றன. மூச்சிரைப்பு இல்லை. என் மகன் வாயை மூடவே இல்லை.

அத்தை மட்டும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "ஏம்மா, அந்தக் கை மாத்தறாங்களே... நாங்க உலக்கை போடறப்ப அப்படித்தானே மாத்துவோம்?" என்றார்.

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். உலக்கைக்கு ஜப்பானிய வார்த்தை தெரியாமல் கையால் இடித்துக் காட்டினேன். சென்செய்க்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அங்கேயும் அரிசி மாவை மர உலக்கையால் இடித்தவர்கள்தானே. உடனே தம் கம்பை இரண்டு கையாலும் அத்தையிடம் நீட்டினார். அத்தை முதலில் "ஐயையோ, வேணாம்" என்றார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பைச் செங்குத்தாகப் பிடித்து, வலது கை, இடது கை, வலது கை என்று மாற்றிக் காட்டினாரே பார்க்கலாம்! கொஞ்சமும் சிந்தாமல் பிடி மாறியது. எழுபது வயதில் இருவரும் எதிரெதிரே நின்று, ஒரு பாஷையும் தெரியாமல், உள்ளங்கையைத் திருப்பி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். "இவங்களுக்குக் கால் வலிக்காதான்னு கேளு" என்றார் அத்தை. கேட்டேன். "தினமும் வலிக்கும்" என்று சிரித்தார் சென்செய்.

போக நினைப்பவர்களுக்கு

கணவர் வேலையாகவோ பிள்ளைகள் படிப்பாகவோ ஜப்பான் வருகிறவர்கள் பல ஊர்களில் நகராட்சி விளையாட்டுக் கூடத்திலேயே வகுப்பு இருக்கிறதா என்று விசாரிக்கலாம். அமெரிக்கா, பிரான்ஸ் போன்ற சில நாடுகளிலும் இந்தக் கலை நடக்கிறது. ஹகமாவும் சட்டையும் முதலிலேயே வாங்க வேண்டியதில்லை. தளர்ந்த சட்டை, பருத்திக் கால்சட்டை போதும். கம்பு அவர்களே தருகிறார்கள். வெறும் கால் என்பதால் நகம் வெட்டிக்கொண்டு, மெட்டி, வளையல், சங்கிலி கழற்றிவைத்துவிட்டுப் போங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் சட்டைக்குள் துணி நாடாவால் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

பிரசவம் ஆகி எத்தனை மாதம் என்பதைவிட உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பது முக்கியம். சிசேரியன் ஆனவர்கள், இருமினால் தும்மினால் சிறுநீர் கசிகிறவர்கள், முதுகுத் தண்டில் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். கூவும்போது மூச்சு வெளியே போக வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு வீசினால் அடிவயிற்றில் அழுத்தம் ஏறும். குரல் எழுப்பச் சொல்வதில் அந்த நன்மையும் இருக்கிறது, கூவிக்கொண்டு யாரும் மூச்சை அடக்க முடியாதே!

ஹகமாவை மடிக்கிற அழகை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. முன்னால் ஐந்து மடிப்பு. பயிற்சி முடிந்ததும் வேர்வையோடு சுருட்டிப் பைக்குள் திணிப்பது கிடையாது. தரையில் விரித்து, ஒவ்வொரு மடிப்பையும் நீவி, நாடாக்களைப் பின்னிப் போடுகிறார்கள். பட்டுப் புடவைக்குக்கூட நான் இத்தனை பொறுமை காட்டியதில்லை.

திங்கட்கிழமை எனக்குப் படி இறங்க முடியவில்லை. அத்தை வெந்நீர் வைத்து, தொடைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, "தரை துடைச்சதுக்கே இப்படியா" என்றார். புதன்கிழமைக்குள் சரியாகிவிட்டது. ஜனவரியிலிருந்து ஞாயிறு காலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். என் பெண்ணும் கூடவே வருகிறாள். சிறுவர்களுக்கென்று குட்டைக் கம்பு விற்கிறது, அது சுலபமாக மூலையில் நின்றுவிடுகிறது. என்னுடையதுதான் பிரச்சினை. "இதை எங்கே வைக்கிறது?" என்று இவர் ஒரு மணி நேரம் வீட்டைச் சுற்றி வந்தார். ரயிலில் கொண்டுபோக வசதியாக இரண்டாகக் கழற்றுகிற மாதிரியும் கிடைக்குமாம், ஆனால் விலை அதிகம். இப்போதைக்குக் கூடத்தில் திரைச்சீலைக் கம்பிக்கு மேலே இரண்டு கொக்கி அடித்துப் படுக்கவைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் பையனின் சாக்ஸும் அதிலேயே காய்கிறது.